நெடுநீர்மையும் தன்னையமும்: குறிக்கோளின் உளவியல்

செய்ய வேண்டிய வினை இன்னதென்று அறிந்தும், அதனைச் செய்தற்குரிய வாய்ப்புக் கைவரப் பெற்றும், தாழ்த்தினால் இழப்பு நேரும் என்று உணர்ந்தும், ஒருவர் தாமே விரும்பி அவ்வினையைப் பின்னுக்குத் தள்ளும் இயல்பு நெடுநீர்மை எனப்படும். இவ்வரையறையுள் வினையறிவு, வாய்ப்பு, இழப்புணர்வு, தன்விருப்பம் என்னும் நான்கு உறுப்புகள் அடங்கியுள்ளன. நான்கனுள் ஒன்று குறையினும் நிகழ்வது வேறொன்றாகும். மழைக்குக் காத்து விதைப்பைத் தள்ளிவைக்கும் உழவருக்கு வாய்ப்பு இல்லை. நோயுற்றுப் படுத்தவருக்குத் தன்விருப்பம் இல்லை. அவ்விருவர்மீதும் நெடுநீர்மையைச் சுமத்துதல் பொருந்தாது. திருவள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில், கெடும் இயல்பினரைக் கவரும் தீமைகள் நான்கனை எண்ணுமிடத்து, நெடுநீரை முதலில் நிறுத்தி, மறதியையும் சோம்பலையும் உறக்கத்தையும் அதன்பின் வைக்கிறார். சோம்பல் வேறு, நெடுநீர் வேறு என்னும் பாகுபாடு அவ்வெண்ணுமுறையிலேயே அமைந்து கிடக்கிறது. சோம்பியிருப்பவர் வினையை வேண்டாதவர். நெடுநீர்மையரோ வினையை வேண்டியும் தொடங்காதவர்.

இனி, காலம் தாழ்த்தல் யாவும் குற்றமாகா. ஆறிச் செய்யத்தக்கதை ஆறிச் செய்தலும், விரைந்து செய்யத்தக்கதை விரைந்து செய்தலும் வள்ளுவரின் வினைசெயல்வகை வகுக்கும் நெறி. சார்லசு டார்வின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய தம் கொள்கையின் கருவை 1838-ஆம் ஆண்டில் கண்டார். 1842-இல் அதனை 35 பக்க வரைவாக எழுதினார். 1844-இல் ஏறத்தாழ 230 பக்கங்களாக விரித்தார். எனினும் நூல் வெளிவந்தது 1859-இன் நவம்பரில்தான். இடையே 1846 முதல் 1854 வரை, கடற்பாறைகளிலும் கப்பலின் அடிப்புறத்திலும் ஒட்டி வாழும் கொட்டலசுகளை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஓரினத்துக்குள்ளேயே உறுப்புகள் எத்துணை வேறுபடுகின்றன என்பதை அவ்வாராய்ச்சி அவருக்குக் காட்டிற்று. அவ்வேறுபாடோ அவர் கொள்கையின் அடித்தளம். ஆகவே, தாழ்த்தலையும் நெடுநீர்மையையும் பிரித்தறியும் உரைகல் ஒன்றே: கடந்த காலத்தில் வினைக்கு உரம் சேர்ந்ததா, அன்றி வினை செய்பவரின் கலக்கம் மட்டுமே வளர்ந்ததா என்பதே அது.

நெடுநீர்மையின் உடன்பிறப்பு தன்னையம். எடுத்த வினையை முடிக்கும் ஆற்றல் தமக்கு உண்டோ இல்லையோ என்று ஒருவர் தம்மையே ஐயுறும் நிலை அது. இதன் மறுதலையைத் தன்திறன் உறுதி என்று வழங்கலாம். 1977-இல் உளவியலறிஞர் ஆல்பர்ட்டு பண்டூரா இவ்வுறுதி ஊறிவரும் கண்கள் நான்கு என வகுத்தார்: தாமே செய்து முடித்த வினைகள், தம்மையொத்தவர் செய்து முடித்தலைக் காணும் காட்சி, பிறர் சொல்லும் ஊக்கவுரை, வினைக்கு முன் உடலிலும் உள்ளத்திலும் எழும் கிளர்ச்சியை ஒருவர் அறிந்துகொள்ளும் முறை. இந்நான்கனுள் முதலாவதே வலிமை மிக்கது என்பது அவர் கொள்கை. இங்குதான் ஒரு முடிச்சு விழுகிறது. உறுதி பெற வேண்டுமாயின் வினை முடித்திருத்தல் வேண்டும். வினையைத் தொடங்க வேண்டுமாயின் உறுதி பெற்றிருத்தல் வேண்டும். உறுதி வந்தபின் தொடங்குவோம் என்று காத்திருப்பவர் உறுதியின் ஊற்றுக்கண்ணையே அடைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

இவ்விரண்டும் எங்ஙனம் பிணைந்துள்ளன என்பதைப் பியர்சு இசுடீல் என்னும் ஆய்வாளர் ஒரு சமன்பாட்டில் அடக்கிக் காட்டினார். கோர்னேலியசு கோனிக்குடன் இணைந்து 2006-இல் அவர் வெளியிட்ட கொள்கையைச் சுருக்கிக் கூறின், ஒரு வினையை நோக்கி நம்மைச் செலுத்தும் உந்தாற்றல் நான்கு அளவுகளால் ஆயது. வெற்றி கிட்டும் என்னும் எதிர்பார்ப்பும், அவ்வெற்றிக்கு நாம் தரும் மதிப்பும் ஒன்றையொன்று பெருக்கி மேலே நிற்கின்றன. கண்ணெதிரே உள்ள இன்பத்தை நோக்கித் தாவும் உளத்தாவலும், பயன் கைக்கு வரும் நாளின் தொலைவும் கீழே நின்று அதனை வகுக்கின்றன. மேலுள்ளவை பெருகின் உந்தாற்றல் பெருகும். கீழுள்ளவை பெருகின் அது சுருங்கும். தன்னையம் தாக்குவது எதிர்பார்ப்பு என்னும் முதல் அளவை. பெருக்கலில் ஓர் எண் இன்மையை நெருங்குமாயின், மற்றது எத்துணைப் பெரிதாயினும் விளைவு இன்மையையே நெருங்கும். உயிரினும் மேலாக மதிக்கும் பணியைக்கூட ஒருவர் தொடாமலே விட்டுவைக்கும் புதிர் இவ்வெளிய கணக்கால் விளங்குகிறது.

எனினும் உள்ளம் கணக்கால் மட்டும் இயங்குவதன்று. பூசியா சிரோயிசு, திமொத்தி பிக்கைல் என்னும் இருவரும் 2013-இல், நெடுநீர்மையின் வேர் பொழுதை ஆளத் தெரியாமையில் இல்லை, உணர்வை ஆள முயலும் முறையில் உள்ளது என்று எடுத்துரைத்தனர். கடினமான வினையின் முன் அமர்ந்தவுடன் அச்சமோ சலிப்போ தலைதூக்குகிறது. வினையை அகற்றியவுடன் அவ்வுணர்வும் அகல்கிறது. அகன்றதால் கிடைத்த ஆறுதல் தள்ளிவைத்தமைக்குக் கிடைத்த பரிசாகி, மறுமுறையும் தள்ளிவைக்கத் தூண்டுகிறது. இப்பரிசு வட்டிக்கு வாங்கிய கடனை ஒத்தது. தயான் தைசும் இராய் பவுமெய்சுட்டரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், வினையைத் தள்ளிப்போடும் மாணாக்கர் பருவத்தின் தொடக்கத்தில் மற்றையோரினும் குறைந்த நெருக்கடியும் குறைந்த நோயுமே உற்றனர். பருவத்தின் இறுதியிலோ இரண்டும் மிகுந்து, மதிப்பெண்ணும் குறையக் கண்டனர். தொடக்கத்தில் பெற்ற ஆறுதலினும் இறுதியில் செலுத்திய விலை பெரிதாயிற்று.

இந்நிலையில் குறிக்கோள் என்பது யாது, அது செய்வது யாது என ஆராய்வோம். இலக்கு வேறு, குறிக்கோள் வேறு. தேர்வில் வெல்லுதல், வீடு கட்டுதல், நூலொன்றை எழுதி முடித்தல் முதலியன இலக்குகள். அடைந்த அன்றே அவை தீர்ந்துபோகும். குறிக்கோள் அவ்விலக்குகளை ஓர் ஒழுங்கில் நிறுத்தும் நெடுநோக்கு. வில்லியம் டேமனும் அவர்தம் உடனாய்வாளரும் 2003-இல் தந்த வரையறையைத் தழுவிக் கூறின், குறிக்கோளுக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு: நாள்தோறும் மாறாத நிலைபேறு, தமக்குப் பொருளுடைமை, தம்மைக் கடந்த உலகுக்கும் பயனுடைமை. மூன்றாவது இலக்கணமே குறிக்கோளை வெறும் விழைவினின்றும் பிரிக்கிறது. அதன் ஆற்றல் ஆய்வாலும் அறியப்பட்டுள்ளது. டேவிடு யேகரும் உடனாய்வாளரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளுள் ஒன்றில், மாணாக்கர் சலிப்பூட்டும் கணக்குகளையும் செய்யலாம், விரும்பின் கண்ணைக் கவரும் காணொளிகளுக்கும் தாவலாம் என்னும் நிலையில் விடப்பட்டனர். தம் கல்வி தம்மைக் கடந்த ஒன்றுக்கும் பயன்பட வேண்டும் என்று கருதியோர் கணக்குகளோடு நெடும்பொழுது நின்றனர்.

குறிக்கோள் சமன்பாட்டின் நான்கு அளவுகளையும் தொடுகிறது என்பது இதனால் புலனாகும். அது வினையின் மதிப்பை உயர்த்துகிறது. தாவும் உள்ளத்துக்கு ஒரு கட்டுத்தறி நடுகிறது. தொலைவிலுள்ள பயனை இன்றைய வேலையின் பொருளாக்கி அண்மையில் கொணர்கிறது. எதிர்பார்ப்பு என்னும் அளவில் அது செய்வது சற்று நுண்ணியது. குறிக்கோள் வந்தால் ஐயம் பறந்தோடும் என்று பலரும் எண்ணுவர். உண்மையில், ஐயத்தை அது அகற்றுவதில்லை. ஐயத்தின் முகத்தை வேறு திசைக்குத் திருப்புகிறது. ‘நான் இதற்குத் தகுதியுடையேனா?’ என்று வினவுவது தன்னையம்; ‘இவ்விடத்தில் உண்மை யாது?’ என்று வினவுவது பொருளையம். முன்னதற்கு விடை தேடும் வழி இல்லை, பின்னதற்கு உண்டு. முன்னது கையைக் கட்டும். பின்னது கைக்கு வேலை தரும். தன்னையத்தைப் பொருளையமாக மாற்றும் வினையே குறிக்கோளின் தலையாய தொழில்.

இம்மாற்றத்தைத் தமிழுலகம் நன்கறிந்த ஒரு வாழ்வில் காணலாம். 1880-ஆம் ஆண்டு, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த உ. வே. சாமிநாதையருக்கு அகவை 25. பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். அந்தாதி, உலா, கோவை, கலம்பகம் எனச் சிற்றிலக்கியப் பரப்பைக் கரைகண்டவர். அவ்வாண்டு அக்டோபரில், அவ்வூருக்கு உரிமையியல் நடுவராய் வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்று, தாம் கற்ற நூல்களின் பெயர்களை வரிசையாய்க் கூறினார். கேட்டவர் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் கற்றதுண்டா என்று மட்டும் அவர் வினவினார். கற்றதில்லை. பின்னர் முதலியார் தந்த சிந்தாமணியைப் பெற்றுப் படிக்கத் தொடங்கியபோது, அத்துணைக் கல்வியும் அந்நூலின்முன் போதவில்லை. சமண நெறியின் குறியீடுகள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் தம் உரையில் பெயர் சுட்டாமல் எடுத்தாண்ட மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என்பதும் தெரியவில்லை.

அக்காலத்துச் சுவடியொன்றை அருகில் வைத்து நோக்கினால் அவ்விடர்ப்பாட்டின் அளவு புலப்படும். ஓலை கிழிதலைத் தவிர்க்க எழுத்தாணியால் புள்ளி இடுவதில்லை. ஆகவே மெய்யெழுத்து எது, உயிர்மெய் எது என்பதைப் படிப்பவரே உணர்தல் வேண்டும். எகர ஏகாரங்களுக்கிடையிலும் ஒகர ஓகாரங்களுக்கிடையிலும் வேறுபாடு தோன்றாது. ரகரமும் நெடிலைக் காட்டும் காலும் ஒரே வடிவாய் நிற்கும். பாட்டு எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கிற்று என்று காட்ட இடைவெளியும் இராது. போதாக்குறைக்குச் செல்லரித்த துளைகளும் முறிந்த ஓரங்களும் சொற்களை விழுங்கியிருக்கும். இத்தகைய ஏட்டின்முன் அமர்ந்தவர் தம் புலமையை ஐயுறுதற்கு ஒவ்வொரு வரியும் இடம் தரும்.

சாமிநாதையர் அவ்வையத்தைக் கேள்விகளாகப் பகுத்தார். சமணப் பொருளைக் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணரிடமே சென்று கேட்டார். ஓர் ஏட்டில் மறைந்த சொல்லைத் தேடப் பல ஊர்ச் சுவடிகளைத் தொகுத்து ஒப்புநோக்கினார். பெயரறியா மேற்கோள்களின் தடம் பற்றிச் சென்றபோது சங்க நூல்களின் சுவடிகளுக்குள் புகுந்தார். ஏழாண்டு உழைப்பின்பின், 1887-இல் சிந்தாமணி அச்சேறிற்று. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என வரிசை வளர்ந்தது; குறுந்தொகைப் பதிப்பு 1937-இல் வெளிவந்தபோது அவர் அகவை 82. அவருடைய குறிக்கோள் பழந்தமிழ் நூல்கள் யாவற்றையும் காத்தல் என்று முதல் நாளே முழுவடிவில் பிறந்ததன்று என்பது இங்குக் கருதத்தக்கது. ஒரு நூலின் பொருளை அறியும் வேட்கையாய் அது தொடங்கி, செய்து முடித்த வினைகளின் வழியே விரிந்தது. ஒரு பதிப்பில் பெற்ற தன்திறன் உறுதி மறு பதிப்புக்கு முதலாயிற்று. பண்டூரா கூறிய முதல் ஊற்றுக்கண் திறந்துகொண்டது.

ஆயினும், குறிக்கோள் திசையைக் காட்டுமேயன்றி இன்றைய நாளின் எந்நாழிகையில் வேலை தொடங்குவது என்பதைத் தானே காட்டாது. அதற்கு வேறு கருவிகள் வேண்டும். பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து நிறுவிய கருவியை இடப்பொழுதுறுதி எனலாம்: இன்ன பொழுது, இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன் என முன்னரே அறுதியிடுதல். கிறித்துமசு விடுமுறையில் குறிப்பொன்றை எழுதி அனுப்புமாறு மாணாக்கரிடம் கேட்ட அவர்தம் ஆய்வில், இடமும் பொழுதும் குறித்துக்கொண்டோரில் நால்வருள் மூவர் உரிய காலத்தில் முடித்தனர். குறித்துக்கொள்ளாதோரில் மூவருள் ஒருவரே முடித்தார். இரண்டாவது கருவி இடைக்கெடு. டான் ஏரியலி, கிளாவுசு வெர்ட்டன்புரோக்கு இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று கட்டுரைகளுக்குச் சம இடைவெளியில் கெடு பெற்ற வகுப்பினர், கெடுவைத் தாமே வகுத்துக்கொண்ட வகுப்பினரினும் மேம்பட்ட மதிப்பெண் பெற்றனர். மூன்றாவது கருவி தற்பொறுத்தல். மைக்கேல் வோலும் உடனாய்வாளரும் 2010-இல் கண்டவாறு, முதல் தேர்வுக்குப் படிக்காமல் தாழ்த்தியதற்காகத் தம்மைத் தாமே பொறுத்துக்கொண்ட மாணாக்கர், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தாழ்த்தினர். தம்மைப் பழித்துக்கொள்ளுதல் தன்னையத்துக்கு மேலும் இரையிடுவதாகலின், இதன் ஏது எளிதில் விளங்கும்.

இவையனைத்தையும் தொகுத்து நோக்கின், குறிக்கோளைக் கண்டடையும் முறையும் தெளிவாகிறது. தனியே அமர்ந்து வாழ்வின் பொருளை எண்ணி எண்ணித் தேடுதலும் நெடுநீர்மையின் ஒரு வடிவமாய் முடியக்கூடும். மாறாக, செய்யத்தக்க படிகள் நான்கு: தம்மைக் கடந்த எவர்க்கோ எதற்கோ பயன்படும் ஒரு சிறுவினையைத் தேர்தல். அதற்கு இடமும் பொழுதும் கெடுவும் வகுத்தல். செய்யுங்கால் எழும் தன்னையத்தை விடை காணத்தக்க பொருளையமாகப் பகுத்து எழுதுதல். முடித்தபின் அவ்வினை எதனை நோக்கி அழைக்கிறது எனக் காணுதல். இந்நான்கு படிகளும் மீள மீள நிகழ, குறிக்கோள் தெளிவுறும். திருக்குறள் பொருட்பாலில் ஊக்கமுடைமையை 60-ஆம் அதிகாரமாகவும், மடியின்மையை 61-ஆகவும், ஆள்வினையுடைமையை 62-ஆகவும், இடுக்கணழியாமையை 63-ஆகவும் அடுத்தடுத்து நிறுத்தியுள்ளது. உள்ளத்தின் எழுச்சி, தடையை நீக்கல், இடையறா முயற்சி, இடரிலும் தளராமை என நிற்கும் அவ்வரிசையோடு இற்றை உளவியல் தனித்தனியே கண்ட கூறுகள் பொருந்துகின்றன. அவ்வரிசையில் ஊக்கத்தையடுத்து இருப்பது மடியை நீக்கும் வினையே. ஐயம் தீரும்வரை காத்திருத்தற்கென ஓர் அதிகாரம் அதன்கண் வகுக்கப்படவில்லை.