லேபிளில் மை திட்டுத் திட்டாகத் தெரிவது ஏன்?

மசாலாப் பொடி பாக்கெட்டுகளுக்குக் குறைந்த எண்ணிக்கையில் லேபிள் வேண்டுமானால், நம்மில் பலர் இப்போது இன்க்ஜெட் முறையில் அச்சடித்து வாங்குகிறோம். சென்ற முறை எனக்கு வந்த கட்டில் ஒரே சிவப்பு ஓரிடத்தில் பளபளப்பாகவும், பக்கத்தில் மங்கலாகவும், கோடு கோடாக இருந்தது. "இந்த மை அப்படித்தான்" என்றார் அச்சகத்தார். விசாரித்ததில் அப்படியில்லை என்று தெரிந்தது.

இந்த மை புற ஊதா ஒளி பட்டவுடன் கெட்டியாவது. நிறப்பொடி, அக்ரிலேட் திரவங்கள், ஒளியை வாங்கி வேலையைத் தொடங்கிவைக்கும் போட்டோ இனிஷியேட்டர் ஆகியவை இதில் உண்டு. நுண்ணிய துளை வழியே தெறிக்க வேண்டியிருப்பதால் நல்லெண்ணெயைவிட நீர்த்திருக்கும். விழுந்த துளி பரவி, அடுத்த துளியோடு கலந்தால்தான் பரப்பு சமமாகும். விளக்கொளி முந்திவிட்டால் துளி மேடாகவே உறைந்து மங்கல் தட்டும்; பிந்தினால் எழுத்து கசியும். துளி பரவுவதற்கென்று ஒரு சேர்மானம் சிறிதளவு போடுகிறார்கள். அது மிஞ்சினால், உறைந்த மையின் மேல் அடுத்த மை ஒட்டாமல் போகலாம்.

காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்பரப்பு கெட்டியாவதைத் தடுக்கும், விரலில் பிசுபிசுக்கும். இதற்காக இனிஷியேட்டரைக் கூட்டிப் போடுவது சுலபம். ஆனால் மிச்சம் நிற்பது பாலிதீனையும் ஊடுருவிச் சரக்கில் இறங்கக்கூடும். 2005ல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில், அட்டைப்பெட்டியின் அச்சு மையிலிருந்த ஐ.டி.எக்ஸ். என்னும் இனிஷியேட்டர் கலந்திருந்ததால் சரக்கையே பறிமுதல் செய்தார்கள். அது இன்க்ஜெட் அச்சல்ல. ஆயினும் மை இதே வகைதான்.

நம் நாட்டில் உணவுப் பொட்டலங்களின் அச்சு மை ஐ.எஸ். 15495 தரத்தில் இருக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் பேக்கேஜிங் விதிகள் கூறுகின்றன. ஆர்டர் கொடுக்கும்போதே இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டைப் பிரித்ததும் முகர்ந்தும் பாருங்கள். என்னுடைய கட்டில் வாடையும் இருந்தது; திருப்பி அனுப்பிவிட்டேன்.