விசாரணைக்கு முன் விடுதலை: பிணையும் ஏழையின் உரிமையும்

1994ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணன் திருவனந்தபுரத்தில் கைது செய்யப்பட்டார். ராக்கெட் தொழில்நுட்ப இரகசியங்களை அயல்நாட்டவர்க்கு அளித்தார் என்பது குற்றச்சாட்டு. ஐம்பது நாட்கள் காவலில் இருந்தபின், 1995 ஜனவரியில் அவர் பிணையில் விடுவிக்கப்பெற்றார். குற்றச்சாட்டு பொய்யென 1996இல் மத்தியப் புலனாய்வுத் துறை அறிக்கை அளித்தது. 2018 செப்டம்பரில் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. ஆனால், காவலில் கழிந்த நாட்களை எந்த இழப்பீடும் மீட்டுத் தராது.

புகழ்பெற்ற விஞ்ஞானிக்கே இந்நிலை எனில், வழக்கறிஞர் எவரையும் அறியாத கூலித் தொழிலாளியின் நிலையை உணர்வது எளிது.

பிணையின் நோக்கம்

பிணை என்பது குற்றத்தினின்று விடுதலை அன்று. விசாரணை நாளில் நீதிமன்றத்திற்கு வருவேன் என்னும் உறுதியின் பேரில் அளிக்கப்படும் தற்காலிக விடுதலை. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதியாகவே கொள்ளப்படுவார். ஆகவே முன்கூட்டிய தண்டனையாகக் காவல் அமைதல் கூடாது. தப்பியோடுவார், சாட்சிகளைக் கலைப்பார், மீண்டும் குற்றம் புரிவார் என்னும் நியாயமான அச்சம் உள்ளபோதே பிணை மறுக்கப்பட வேண்டும்.

சட்டத்தின் படிகள்

கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துதல் வேண்டும். இது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு தரும் காப்பு. 1974 முதல் நடப்பிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்கு மாற்றாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது.

பிணையில் விடத்தக்க குற்றங்களில் பிணை பெறுதல் உரிமை. ஏனைய குற்றங்களில் அது நீதிமன்றத்தின் தீர்மானத்திற்கு உட்பட்டது. மாஜிஸ்திரேட் மறுப்பின் செஷன்ஸ் நீதிமன்றத்தையும், பின்னர் எர்ணாகுளத்திலுள்ள கேரள உயர் நீதிமன்றத்தையும் அணுகலாம்.

புலனாய்வு உரிய காலத்தில் முடியாவிடினும் பிணை உரிமையாகிறது. பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறை, ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றங்களில் 90 நாட்களுக்குள்ளும், ஏனையவற்றில் 60 நாட்களுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட வேண்டும். தவறினால், பிணை கொடுக்க முன்வருபவர் விடுவிக்கப்பட வேண்டும்.

ஏழையின் தடை

உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடையாமல் சிறையில் தங்குவோர் பலர். 1978இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த மோதிராம் வழக்கு இதற்குச் சான்று. மத்தியப் பிரதேசத்து ஏழைக் கொத்தனாரான அவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கோரப்பட்டது. உடன்பிறந்தவரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்தமையால் அவருடைய ஜாமீனும் ஏற்கப்படவில்லை. 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணைப்பத்திரத்தின் பேரில் அவரை விடுவிக்க உத்தரவிட்டவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957இல் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்ட அமைச்சராகத் திருவனந்தபுரத்தில் பணியாற்றியவர் அவர். வெளியூர் ஜாமீன்தாரர் என்பதற்காகவே ஒருவரை மறுத்தல் தகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு வேலை தேடிச் செல்வோர்க்கும் இது பொருந்தும்.

அலுவலர் கடமை

பிணையில் விடத்தக்க குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்திற்குள் ஜாமீன் தர இயலாவிடில், அவரை வறியவர் எனக் கருதிச் சொந்தப் பத்திரத்தின் பேரிலேயே விடுவிக்கச் சட்டம் இடம் தருகிறது. மேலும், உச்சவரம்புத் தண்டனையில் பாதிக் காலத்தைக் காவலில் கழித்த விசாரணைக் கைதியைப் பிணையில் விடுதல் பொதுவிதி. முன்பு தண்டனை பெறாதவர்க்கு மூன்றில் ஒரு பங்கே போதும். மரணம் அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளோர்க்கும் இவ்விதி பொருந்தாது. அக்காலம் நிறைந்ததும் நீதிமன்றத்திற்கு எழுத்து மூலம் விண்ணப்பிப்பது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை.

பிணை கிடைத்தும் ஏழு நாட்களுக்குள் வெளிவராத கைதியைப் பற்றி, மாவட்டச் சட்டப்பணி ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்குமாறு 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பணித்தது. ஆகவே சிறைப் பதிவேட்டின் தேதிகளை உரிய நாளில் சரிபார்க்கும் அலுவலரும் நீதி வழங்குவதில் பங்கு கொள்கிறார். அவர் மறந்துவிடும் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் கூலி நாளாகும்.