சி மொழி நூலகத்தில் அணிகளைத் தேடல்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிடங்கைக் கண்டோர் அறிவர். போடிமெட்டு வழியே மலையினின்று இறங்கிய காய், பருமன் நோக்கிச் சலிக்கப்பட்டு, நிறம் நோக்கிப் பொறுக்கப்பட்டு, மூட்டை மூட்டையாய் வரிசையில் நிற்கும். அவ்வூரினராகிய யாம் இருவர், சென்ற விடுமுறையில், மூட்டைகளின் எண்ணையும் எடையையும் கணிப்பொறியில் ஏற்றி, எடைப்படி ஒழுங்குசெய்ய ஒரு நிரல் எழுதப் புகுந்தோம். எடுத்துக்கொண்டது சி மொழி. ஒரே வகைப் பொருள்கள் அடுத்தடுத்து அமைந்த வரிசையை அம்மொழியில் அணி என்பர்.

மொழியோடு உடன்வரும் ஆயத்தச் சார்புகளின் தொகுதியே நூலகம். அதில் அணிக்கெனத் தனித் தலைப்புக் கோப்பு ஒன்று இருக்குமெனத் தேடினோம், அப்பெயரால் யாதுமில்லை. இல்லையென்றே துணிந்து, வரிசைப்படுத்தும் சார்பை யாமே எழுதி மூன்று நாள் கழித்தோம். அதுவும் பிழைபட்டது. பின்னரே பழைய மாணவர் ஒருவர் இடங்காட்டினார்.

தனிக்கோப்பு இல்லாமைக்குக் காரணமுண்டு. 1972 ஆம் ஆண்டளவில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி ஆக்கிய அம்மொழியில், அணி தன் நீளத்தைத் தானறியாது. சார்பொன்றிற்கு அதனை அனுப்புங்கால் முதலுறுப்பின் முகவரியே செல்லும். மூட்டை எத்தனையென்று சொல்லாமற் கிடங்குச் சாவியைக் கொடுப்பது போலாம். ஆகவே அச்சார்புகளுக்கு எண்ணிக்கையையோ பைட்டளவையோ நாமே சொல்லல் வேண்டும். 1989 இல் வகுத்த அமெரிக்கத் தரநிலையில் அவை இரண்டிடங்களிற் பிரிந்து கிடக்கின்றன.

எஸ்டிடிலிப்.ஹெச் என்னும் கோப்பில் க்யூசார்ட் உளது. முகவரி, உறுப்பெண்ணிக்கை, ஓருறுப்பின் அளவு, ஒப்பிடும் சார்பு என நான்கு கேட்கும். ஒப்பிடும் சார்பு ஒரு தராசு: முதற்பொருள் முன்வரின் எதிர்மம், சமமாயின் சுழி, பின்வரின் நேர்மம் தருவது. யாம் எளிதாய் எண்ணி எடைகளைக் கழித்து அனுப்பினோம். 62.7க்கும் 62.3க்கும் வேற்றுமை 0.4, முழுவெண்ணாய்த் திரும்புகையில் அது சுழியாகி, இரண்டும் சமமெனப்பட்டன! கழித்தலை விடுத்துப் பெரிது சிறிது மட்டும் வினவிய பின்னரே வரிசை நேர்ப்பட்டது. சமமான உறுப்புகள் முன்னிருந்த முறையிலேயே நிற்குமென்னும் உறுதியும் இல்லை. அக்கோப்பிலேயே உள்ள பிசர்ச், வரிசையாக்கிய அணியில் விரைந்து தேடும். எடைப்படி அடுக்கிய அணியில் மூட்டை எண்ணைத் தேடச் சொல்லின் விடையை நம்பலாகாது.

ஏனையவை ஸ்ட்ரிங்.ஹெச் கோப்பில் உள. பெயர் எழுத்துச் சரங்களைக் குறித்தலின், எண்களைக் கையாள்வோர் அதனைத் திறப்பதே அரிது, யாமும் திறந்திலோம். மெம்காப்பி பைட்டுகளைப் படியெடுக்கும், மெம்கம்ப் ஒப்பிடும், மெம்செட் நிரப்பும். ஆயின் நான்கு பைட்டு எண்களின் அணியை மெம்செட்டால் 1 என நிரப்பின், பைட்டுதோறும் 1 விழுந்து, ஒவ்வோர் எண்ணும் 16843009 ஆகும்.

நடுவே உறுப்பொன்றைச் செருகத் தனிச் சார்பு கிடையாது. பின்னுள்ளவற்றை நாமே நகர்த்தல் வேண்டும். நெருங்கிய வரிசையில் மூட்டைகளை ஓரிடம் தள்ளுவோன் கடைசி மூட்டையினின்று தொடங்குவான். முதலினின்று தொடங்கின் அடுத்ததன்மேல் ஏறும். மூலவிடமும் சேருமிடமும் இவ்வாறு மேற்பொருந்துங்கால் மெம்காப்பி எவ்வுறுதியும் தாராது, மெம்மூவ் தரும். அதற்கு முன், அணியின் கடையில் ஓரிடம் காலியாயிருத்தல் வேண்டும். அதனை நோக்குவதும் நம் பொறுப்பே.