மாமனார் மறைத்த கணக்கு!

எங்கள் வீட்டுச் சமாச்சாரத்தை ஊருக்குச் சொல்வதா என்று முதலில் தயங்கினேன். ஆனால், வயதான பெரியவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் இது நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

என் மாமனார் ஒரு நூற்பாலையில் 34 வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பால் கணக்கு, பேப்பர் கணக்கு எல்லாம் இன்றைக்கும் அவர் டைரியில் பைசா சுத்தமாக இருக்கும். 2018ல் ஓர் ஏஜென்ட் மூலம் தனக்கும் மாமியாருக்கும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுத்தார். வருஷா வருஷம் பிரீமியம் அவருடைய பேங்க் கணக்கில் இருந்து தானாகவே போய்விடும். ஒரு வருஷம் கூடத் தவறியதில்லை.

2024 ஆகஸ்ட் 20ம் தேதி காலை, சர்க்கரை இறங்கி வாசலிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்ஷூரன்ஸ் கார்டைக் கவுன்ட்டரில் நீட்டினால், அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இந்த பாலிசி 3ம் தேதியோட முடிஞ்சிருச்சே... புதுப்பிக்கலையா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பில் 22,400 ரூபாய். மகளின் படிப்புக்காக எடுத்து வைத்திருந்த சீட்டுப் பணத்தைக் கட்டி அழைத்து வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும், "ஏன் மாமா, பணம் போகலைன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. ராத்திரி மாமியார்தான் மெதுவாகச் சொன்னார்... "ரெண்டு தடவை அந்த ஆபீசுக்கு வெயில்ல நடந்து போய்ட்டு வந்தாரும்மா. யார்கிட்டயும் சொல்லாதேன்னுட்டார்."

பாஸ்புக்கில் பிரீமியம் பிடித்தமாகவில்லை என்று அவர் முன்பே கவனித்திருக்கிறார். முதல் தடவை போனபோது, "கஸ்டமர் கேருக்கு போன் பண்ணுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். போன் செய்தால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிக் கொண்டே இருந்து, கடைசியில் லைன் கட்டாகி விட்டதாம். இரண்டாம் தடவை, "உங்க பாலிசி கேன்சல் ஆயிருச்சு பெரியவரே, புதுசா ஒண்ணு போடுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் அவரே என்னிடம், "முப்பத்தி நாலு வருஷம் மத்தவங்க கணக்கைப் பார்த்தவன்... என் கணக்கு எனக்கே புரியலைன்னு உங்ககிட்ட எப்படிம்மா சொல்றது?" என்றார். முதல் நாள் கோபப்பட்டதற்காக வெட்கப்பட்டேன்.

மஞ்சள் பையில் இருந்த பாலிசிப் புத்தகத்தை எடுத்தோம். முழுக்க ஆங்கிலம். நான் படித்தது பத்தாவது வரைதான். ஒன்பதாவது படிக்கும் என் மகளை உட்கார வைத்து வரி வரியாகப் படிக்கச் சொன்னேன். அதில்தான் விஷயம் கிடைத்தது. பாலிசி தேதி முடிந்தாலும், 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் பழைய பாலிசியே தொடரும். எங்களுக்கு செப்டம்பர் 2 வரை நேரம் இருந்தது!

பேங்க்கில் விசாரித்தபோது, பணம் போகாத காரணமும் தெரிந்தது. தானாகப் பிடித்துக் கொள்ள எழுதிக் கொடுத்தபோது, உச்சவரம்பு 25,000 என்று போட்டிருக்கிறார்கள். மாமனாருக்கு 65 வயது தாண்டியதால், அந்த வருஷம் பிரீமியம் 31,350 ஆகிவிட்டது. வரம்பை மீறியதால் பேங்க் திருப்பி அனுப்பிவிட்டது. கம்பெனி அனுப்பிய எஸ்.எம்.எஸ். எங்கே போனது என்றால், விண்ணப்பத்தில் ஏஜென்ட் தன்னுடைய செல் நம்பரையே எழுதியிருக்கிறார். அவர் அந்த வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது!

என் கணவர், "இவ்வளவு பணம் கட்டணுமா? பேசாம விட்டுரலாம்" என்றார். நான் விடவில்லை. புது பாலிசி போட்டால், ஏற்கனவே இருக்கும் சர்க்கரை வியாதிக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். ஆறு வருஷம் கட்டியது வீணாகி விடுமே! என் வளையல் இரண்டை அடகு வைத்து, மாமனாரையும் அழைத்துக் கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

அங்கே மறுபடியும் அதே பதில்தான். "சரிங்க, 30 நாள் முடியறதுக்குள்ளேயே பாலிசி கேன்சல்னு ஒரு பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் கொடுங்க. நான் போயிடறேன்" என்றேன். கவுன்ட்டர் பெண் எழுந்து உள்ளே போனாள். ஐந்து நிமிஷத்தில் ஓர் அதிகாரி வந்தார். அன்றைக்கே, ஆகஸ்ட் 28ம் தேதி, பணத்தை வாங்கிக் கொண்டு ரசீது கொடுத்தார்கள். பழைய ஆறு வருஷமும் அப்படியே தொடர்கிறது. ஆனால், ஆஸ்பத்திரிக்குக் கட்டிய 22,400 போனது போனதுதான். தேதி முடிந்து பணம் கட்டும் வரையுள்ள இடைப்பட்ட நாட்களுக்கு க்ளெய்ம் கிடையாது என்று அதே புத்தகத்தில் போட்டிருக்கிறது.

சகோதரிகளே, நான் பட்ட பிறகு தெரிந்து கொண்டவற்றைச் சொல்கிறேன்.

பாலிசியில் யார் செல் நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பெரியவர்கள் நம்பரோடு, உங்கள் நம்பரையும் கொடுத்து வையுங்கள். பேங்க் பிடித்தத்துக்கு வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே காலண்டரில் குறித்துக் கொள்ளுங்கள். மாதா மாதம் கட்டுபவர்களுக்குச் சலுகைக் காலம் 15 நாள்தான்.

முன்பு க்ளெய்ம் வாங்கினார்கள் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது. 2025 ஜனவரியில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை உயர்த்துவதானால், கம்பெனிகள் முதலில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்து பேச வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. தனிநபர் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் கிடையாது. ரசீதைப் பார்த்து வாங்குங்கள்.

புகார் இருந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஆணையத்தின் இலவச நம்பர் 155255. கம்பெனியிடமிருந்து ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு (ஆம்புட்ஸ்மேன்) எழுதலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆனால், ஒரு வருஷத்துக்குள் எழுதிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று... வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது ஆபீசுக்குப் போய்விட்டு வந்து, பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால், "என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். கோபமாக இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில், பாலிசி தேதி மாமனாரின் டைரியிலும் இருக்கிறது, சமையலறைக் காலண்டரிலும் இருக்கிறது. பேத்தி ஆங்கிலத்தில் வரும் எஸ்.எம்.எஸ்.சைப் படித்துச் சொல்ல, அவர் கணக்குப் போடுகிறார். வளையலைப் போன பொங்கலுக்கு முன்பே மீட்டாயிற்று. வட்டியை மாமனார்தான் கட்டினார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை!

- ஒரு மருமகள், திண்டுக்கல்.