வாடாத பூ வருமா தோவாளைக்கு?
உருவம் நிற்கும், வாசனை நிற்காது!

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகிற ரோட்டில், ஆரல்வாய்மொழிக்கு முந்தி வருகிறது தோவாளை. ஊர் தூங்குகிற நேரத்தில் இங்கே வியாபாரம் சூடு பிடிக்கும். விடியும் முன்பே பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கிரேந்தி, வாடாமல்லி என்று மூடை மூடையாக வந்து இறங்கும்.

பிச்சி உள்ளூர்ச் சரக்கு. மல்லி மதுரை, திண்டுக்கல் பக்கத்தில் இருந்தும் வரும். கிரேந்திக்கு ஓசூர், ராயக்கோட்டை. வாங்கிப்போக கேரளா வண்டிகள் காத்து நிற்கும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி வளைகுடா நாடுகளுக்குப் பறக்கிற பூவும் உண்டு.

வெயில் ஏற ஏற விலை இறங்கும். பூ வியாபாரத்தின் சங்கதியே இதுதான்.

"என்ன அண்ணாச்சி, காலம்பற சொன்ன விலை என்ன, இப்ப சொல்லுத விலை என்ன?"

"இப்ப எடுத்தா உமக்கு லாபம். இன்னும் ஒரு மணி நேரம் போனா எனக்கு நட்டம். அம்புட்டுதான்!"

பேரம் இப்படித்தான் முடியும். ஓணத்துக்கும் முகூர்த்த நாளுக்கும் எகிறுகிற விலை, மறுநாளே படுத்துக்கொள்ளும். 2020 ஊரடங்கில் கோயில் நடை சாத்தி, கல்யாணக் கூட்டம் சுருங்கியபோது, பறிகூலி கூட கட்டாது என்று பூவைச் செடியிலேயே விட்ட விவசாயிகள் தமிழ்நாடு முழுக்க உண்டு.

மீனுக்கு ஐஸ் இருக்கிறது, கருவாடு இருக்கிறது. மிஞ்சிப்போன பூவுக்கு என்ன வழி?

சூடம் கரைவது போல

வெளிநாடுகளில் கல்யாணப் பெண் கையில் பிடித்த பூச்செண்டை வருஷக்கணக்கில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ரோஜா ரோஜாவாகவே இருக்கிறது. இதழ் சுருங்கவில்லை. இதற்குப் பெயர் 'பிரீஸ் டிரையிங்'. அதாவது, உறைய வைத்து உலர்த்துவது.

பூவில் பெரும்பகுதி தண்ணீர். வெயிலில் காய வைத்தால் தண்ணீர் போகிற போக்கில் இதழையும் இழுத்துச் சுருக்கிவிடும். மிளகாய் வத்தலைப் பார்த்தாலே தெரியும்.

இந்த முறையில் பூவை முதலில் மைனஸ் 30, 40 டிகிரி குளிரில் கல்லாக உறைய வைக்கிறார்கள். பிறகு பெட்டிக்குள் இருக்கிற காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். அந்த வெற்றிடத்தில் ஐஸ் உருகித் தண்ணீராவதில்லை. நேராக ஆவியாகப் போய்விடுகிறது!

நம்ப முடியவில்லையா? பூஜை அறையில் திறந்து வைத்த சூடத்தைப் பாருங்கள். நாலு நாளில் தேய்ந்து போகும். ஒரு சொட்டு ஈரம் இருக்காது. அதே கதைதான். உள்ளே தண்ணீர் இருந்த இடம் அப்படியே காலியாக நிற்பதால் இதழும் நின்ற மேனிக்கு நிற்கிறது.

1906-ல் பாரிசில் அர்சோன்வால், போர்டாஸ் என்ற இருவர் காட்டிய வித்தை இது. இரண்டாம் உலகப் போரில் ரத்தப் பிளாஸ்மாவை இப்படித்தான் உலர்த்திப் போர்முனைக்கு அனுப்பினார்கள். நம்மவர்களுக்கும் இது புதிதல்ல. சென்னை கிண்டியில் 1948-ல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வுக்கூடத்தில் தயாரான தடுப்பு மருந்தும் இப்படி உலர்த்தியதுதான். பொடியைக் கரைத்துத்தான் குழந்தை கையில் ஊசி போட்டார்கள்.

பிச்சியிடம் பலிக்காது!

அப்படியானால் தோவாளையில் ஒரு மிஷினை இறக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். இடிக்கிற இடம் இங்கேதான்.

பிச்சியும் மல்லியும் உருவத்துக்காகவா விலை போகின்றன? வாசனைக்குத்தானே காசு! அந்த வாசனை மொட்டுக்குள் அடைத்து வைத்த சரக்கு அல்ல. பறித்த பிறகும் பூ உயிரோடு இருக்கிறது. மொட்டு விரிய விரியத்தான் மணத்தை உண்டாக்குகிறது. காலையில் சும்மா கிடந்த மொட்டு, சாயங்காலம் பஸ் முழுக்க மணப்பது இதனால்தான். உறைய வைத்தால் அந்த வேலையே நின்று போகும். கைக்குக் கிடைப்பது வெள்ளைக் காகிதம் மாதிரி ஒரு மொட்டு.

பிரான்சில் கிராஸ் என்ற ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துதான், மல்லியைக் காய்ச்சாமல் கொழுப்பு தடவிய கண்ணாடித் தட்டில் அடுக்கி மணத்தை வாங்கினார்கள். வடக்கே எள்ளோடு பூவை அடுக்கி வைத்து, மணம் ஏறிய எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள். இப்போது சத்தியமங்கலம் பக்கம் தொழிற்சாலைகளில் கரைப்பான் ஊற்றி மெழுகாக எடுக்கிறார்கள். வியாபாரத்தில் அதற்குப் பெயர் 'கான்கிரீட்'. வீடு கட்டுகிற கான்கிரீட் அல்ல. சென்டுக்குப் போகிற சரக்கு! ஒரு டன் பிச்சி போட்டால் கிடைப்பது இரண்டரை, மூன்று கிலோதான்.

ஆக, மிஞ்சின பிச்சிக்கு வழி சென்டு பாக்டரி. குளிர்ப்பெட்டி அல்ல.

கணக்கு உதைக்கிறது

ரோஜாவுக்கு இந்த முறை பிரமாதமாகப் பொருந்தும். ஆனால் மிஷின் விலை பல லட்சம். ஒரு தடவை பூவை அடுக்கினால் பத்து, பதினைந்து நாள் விடாமல் கரண்டு ஓட வேண்டும். கிலோ இருபது, முப்பதுக்குக் கேட்பாரற்றுக் கிடக்கிற பூவுக்கு இந்தச் செலவு தாங்குமா? தாங்காது. கல்யாண மாலையை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள நினைக்கிற குடும்பம் கொடுக்கிற காசுக்குத்தான் கட்டும்.

இன்னொரு வம்பும் உண்டு. உலர்ந்த பூ ஸ்பாஞ்சு மாதிரி. திறந்து வைத்தால் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துத் தொங்கிவிடும். குமரி மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. கண்ணாடிப் பெட்டியில் காற்றுப் புகாமல் அடைக்காவிட்டால் போட்ட காசு போனதுதான்.

மிஷினே கேட்காத பூ ஒன்று தோவாளையிலேயே குவிகிறது. பேரிலேயே இருக்கிறது, வாடாமல்லி! அதன் இதழ் காகிதம் மாதிரி. தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் நிறம் மாறாமல் காயும். கோழிப்பூவும் அப்படியே. ஓணத்துக்கு அத்தப்பூ கோலம் போட மூடை மூடையாகப் போகிற வாடாமல்லி, ஓணம் முடிந்ததும் சீந்துவாரின்றிக் கிடக்கிறது. அதைக் காய வைத்து விற்கலாமே!

விற்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இங்கே அல்ல. தூத்துக்குடியில்! உப்பு விளைய வைக்கிற வெயில், பக்கத்திலேயே துறைமுகம். ரமேஷ் பிளவர்ஸ் போன்ற கம்பெனிகள் அங்கிருந்து உலர்பூவைக் கப்பலேற்றுகின்றன. இந்தியாவின் பூ ஏற்றுமதியில் பெரும்பங்கு பச்சைப் பூ அல்ல, உலர்ந்த பூதான். நாம் குளத்தில் விட்டுவிடுகிற தாமரைக்காய், பருத்தி ஓடு, பனை ஓலை எல்லாம் அங்கே சரக்கு. நாஞ்சில் நாட்டில் தாமரைக் குளத்துக்கா பஞ்சம்?

தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரளியை மடித்து நொச்சி இலையோடு பாய் மாதிரி பின்னுகிற அந்தக் கை வேலை ஒரே நாளில் வாடிப் போகிறது. மாலை கட்டுகிறவர்களுக்கு உலர்பூ வேலையும் பழகிவிட்டால் மழைக்காலத்துக்கும் கூலி கிடைக்கும். தோவாளையிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மலரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் செய்யலாம்

மிஷின் இல்லாமல் ஒற்றை ரோஜாவை வைத்துக்கொள்ள வழி உண்டு. மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல் ஓர் அங்குலம் கொட்டுங்கள். பாதி விரிந்த ரோஜாவைக் காம்பை நறுக்கி நிமிர்த்தி வையுங்கள். இதழ் இடுக்கெல்லாம் நிறையும்படி மேலே மெல்லத் தூவி, இறுக மூடி ஒரு வாரம் விடுங்கள். நீல நிற ஜெல் ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும். சூடு காட்டினால் மறுபடி நீலம். சமையல் சட்டியில் மட்டும் வறுக்க வேண்டாம், அது மருந்துச் சரக்கு. ஜெல் இல்லையென்றால் சலித்துக் காய வைத்த ஆற்று மணலும் ஆகும். நாள் கூடுதல் பிடிக்கும்.

பிச்சியை அதில் போடாதீர்கள். சாயங்காலம் விரியும், தலையில் வைத்துக்கொள்ளுங்கள்.