ஊறிப்போன சாயம்

நம் பிள்ளைகள் இங்கிலிஷ் பாடத்தில் 'டைட் இன் த வூல்' என்று படிக்கிறார்கள். அர்த்தம் என்ன? நெய்த கம்பளியில் போட்ட சாயம் வெளுத்துப்போகலாம். நூற்குமுன், ஆட்டு ரோமமாக இருக்கும்போதே தோய்த்தால் உள்ளே ஊறிவிடும். அப்படி, மாறாத கொள்கை ஊறியவரைக் குறிக்கும் பேச்சு இது. 'பழுத்த தொழிற்சங்கக்காரர்' என்கிறோமே, அதுபோல. புகழவும் சொல்லலாம், குறைகூறவும் சொல்லலாம்.

மட்டக்களப்பு மண்டூர் முருகன் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டி, மந்திரம் ஓதாமல் பூசை செய்வார். தலைமுறையாக ஊறிய நம்பிக்கை, யாருக்கும் கெடுதலில்லை.

'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு மேல்படிப்பு?' இதுவும் நம் லயங்களில் ஊறிய சாயந்தான். ஆனால் பிள்ளையின் வாழ்க்கையையே கெடுக்கும். பெற்றோர்களே, இந்தச் சாயத்தை நாம்தான் வெளுக்கணும்.