கடற்கரை வீட்டுச் சகோதரி

சென்னையில் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் விவேகானந்தர் இல்லத்தைப் பாராமல் திரும்ப முடியாது. அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டிய கட்டடம். (நம் ஊர் வெயிலுக்கு அங்கிருந்து பனிக்கட்டி! வந்து சேரும்போது எவ்வளவு மிஞ்சியதோ!) 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். பின்னாளில் அதே வீட்டில் இளம் விதவைகள் பலர் புத்தகமும் கையுமாய் வாழ்ந்தார்கள் என்பதுதான் பலருக்கு மறந்து போயிற்று. அவர்களைக் கொண்டு வந்து சேர்த்தவர் சகோதரி சுப்பலட்சுமி.

அவர் 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர், தாய் விசாலாட்சி. 11 வயதில் கலியாணம். தாலிக் கயிற்றின் மஞ்சள் காயுமுன் கணவன் மறைந்தான். அந்த நாளில் இப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன விதித்திருந்தது என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மொட்டைத் தலை, ஒரு வேளைச் சாப்பாடு, வீட்டின் இருட்டு மூலை. பெற்றோர் அதற்கு இசையவில்லை. தலைமுடியில் கை வைக்க விடாமல், பெண்ணைப் படிக்க வைத்தார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? அத்தனையையும் கேட்டுக் கொண்டுதான் அந்தக் குடும்பம் இருந்தது. 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி. ஏ. பட்டம் பெற்றார் சுப்பலட்சுமி. சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்து விதவை அவரே.

தாம் கரையேறியது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. எழும்பூரில் பெற்றோர் வீட்டிலேயே இளம் விதவைகள் 4 பேரைச் சேர்த்துக் கொண்டார். பெண் பள்ளிகளுக்கு அப்போது உபாத்தியாயினிகள் கிடைப்பது அரிது. வீட்டுக்குப் பாரம் என்று ஒதுக்கப்பட்ட பெண்களோ ஏராளம். இரண்டு குறையையும் ஒரே கயிற்றால் கட்டிவிட்டார் சகோதரி! பெண்களை நிர்வகிக்கவும் சமையற்கட்டைக் கவனிக்கவும் அவருடைய சித்தி வாலாம்பாள் முன்வந்தார். அவரும் இளமையிலேயே கணவனை இழந்தவர். பெண்கள் பெருகவே, இல்லம் எழும்பூரை விட்டுப் பிறகு ஐஸ் ஹவுஸுக்குப் போயிற்று. இருட்டு மூலையில் கிடந்தவர்களுக்கு வாசலிலேயே கடல்!

அந்த இல்லத்தில் பிராமண விதவைகளை மட்டுமே சேர்த்தார்கள். ஆசாரமும் கண்டிப்பாய் இருந்தது. இன்றைய கண்ணுக்கு இது குறைதான். அன்றைக்கும் கண்டித்தவர்கள் உண்டு. மடி கெட்டுவிடும் என்று தெரிந்தால் எந்தத் தகப்பனாரும் பெண்ணை அனுப்பியிருக்க மாட்டார் என்பது சகோதரியின் கணக்கு. சமையற்கட்டில் விட்டுக் கொடுத்துப் பள்ளிக்கூடத்தை வாங்கினார். அது சரியான கணக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியே நின்றுவிட்ட மற்றப் பெண்களை நினைத்தால் மனம் உறுத்தாமலும் இல்லை.

அந்த உறுத்தல் அவருக்கும் இருந்திருக்க வேண்டும். பின்னர் அவர் தொடங்கிய சாரதா வித்தியாலயத்தில் ஜாதி பார்க்கவில்லை. 1922-ல் ஏற்பட்ட லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு முதல் தலைவி அவர்தான். அங்கே பயின்ற ஆசிரியைகள் எத்தனையோ ஊர்களில் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஜபமாலையோடு உட்கார்ந்திருக்கலாம். 1942-ல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீ வித்யா கலாநிலையம் தொடங்கினார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்கள் தயங்காமல் நுழையக்கூடிய இடம் அது. 1954-ல், 68-வது வயதில், தாம்பரத்துக்கு அருகே மாடம்பாக்கம் கிராமத்தில் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நல மையம் அமையத் துணை நின்றார். மயிலாப்பூர் மாதர் சங்கத் தலைவியாய் இருந்தபோது வித்யா மந்திர் பள்ளி பிறந்தது. 1958-ல் பத்மஸ்ரீ வந்தது.

சகோதரி 1969 டிசம்பர் 20-ந் தேதி காலமானார். தியாகராய நகரில் சாரதா வித்தியாலயத்து மணி இன்னும் அடிக்கிறது. அந்தப் பக்கம் போனால், பள்ளி விடும் நேரத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். பின்னலை முன்னால் போட்டுக் கொண்டு, ஐஸ்காரரைச் சுற்றி ஒரே கூட்டம்.